குரலை நோக்கி வாருங்கள்

எங்கள் ஓனாகுராவில் பூமி ஆடினால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஹச்சிமன் கோயில் குன்றுக்கு ஓடு. அவ்வளவுதான். நகராட்சிக் கூரைமேல் இருக்கிற அபாயச் சங்கு ஊளையிடும். அது கிழக்கே இருந்து ஊளையிடுகிறதா மேற்கே இருந்து ஊளையிடுகிறதா என்று எவனும் நின்று கேட்டதில்லை. கடல் பின்னால் வருகிறது என்கிறபோது திசையாவது மண்ணாங்கட்டியாவது!

இப்படி அறியாமையிலேயே நாங்கள் உயிர் பிழைத்துக்கொண்டிருந்த விஷயம் எப்படியோ டோக்கியோவுக்குத் தெரிந்துபோனது. ஒலித்திசை மேம்பாட்டு நிறுவனம் என்று ஒன்று அங்கே இருக்கிறதாம். அதன் இயக்குநர் உஜியே வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், கண்ணாடி மாதிரி பளபளக்கிற ஷூ. இரண்டு கையாலும் பெயர் அட்டையை நீட்டி, இடுப்பு ஒடிய வணங்கி, அப்படிக் குனிந்த நிலையிலேயே பேச ஆரம்பித்துவிடுவார். அவருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டு ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் லாரி நிறைய ஸ்பீக்கர்கள்.

ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். நான் குரமோச்சி. கடைத்தெருவில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறேன். முடிவெட்டுகிறவனுக்கு ஊர்க்கூட்டத்தில் முன்வரிசை கிடைத்துவிடும், ஏனென்றால் வராதவர்களுக்கெல்லாம் மறுநாள் அவன்தான் செய்தித்தாள். பக்கத்தில் என் மனைவி மிசாவோ. அவளுக்குத் துறைமுகத்தில் மீன் வெட்டும் கொட்டகையில் வேலை. கொட்டகைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு லாரி போகிற அகலத்துக்குத்தான் தரை. அதனால் கடல் சமாசாரம் எது பேசினாலும் அவளுக்குக் காது நீண்டுவிடும்.

“உங்கள் சங்கு வெறும் சத்தம்,” என்று ஆரம்பித்தார் உஜியே. “அதில் திசை இல்லை. முகவரி இல்லாத கடிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? நாங்கள் உங்களுக்கு ஒரு குரல் தரப்போகிறோம். ‘இந்தக் குரலை நோக்கி வாருங்கள்’ என்று ஒரு பெண் அழைப்பார். துறைமுகத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை கம்பம் நட்டு ஸ்பீக்கர்கள் வைப்போம். கணினி சொல்கிறபடி ஒவ்வொன்றும் இமைப்பொழுதில் பாதிக்கும் பாதி முந்தியோ பிந்தியோ பேசும். எல்லாம் சேர்ந்து உங்கள் காதில் விழும்போது அந்தக் குரல் எந்தக் கம்பத்திலிருந்தும் வராது. குன்றின் உச்சியிலிருந்து வரும். இத்தனைக்கும் குன்றின் உச்சியில் ஸ்பீக்கரே இருக்காது!”

கூட்டம் ‘ஓஹோ’ என்றது. எங்கள் ஊரில் புரியாவிட்டால் ‘ஓஹோ’ என்போம். புரிந்தால் பேசாமல் இருப்போம்.

எனக்கு நாக்கில் சனி. கையைத் தூக்கிவிட்டேன். “ஐயா, குன்று மேலேயே ஒரு ஸ்பீக்கரைக் கட்டிட்டா அங்கேருந்துதானே கேக்கும்?”

மேயர் சகாகிதா, முடிவெட்டும்போது காதை அறுத்துவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார். உஜியேவுக்குக் கோபம் வரவில்லை. பாவப்பட்டுச் சிரித்தார்.

“கேட்கும் ஐயா. குன்றில் வைத்தால் குன்றிலிருந்துதான் கேட்கும். அதில் விஞ்ஞானம் எங்கே இருக்கிறது?”

மண்டபமே கைதட்டியது. நானும் தட்டினேன். மிசாவோ முழங்கையால் ஓர் இடி இடித்தாள். “உங்க மூஞ்சியிலதான் கரியைப் பூசிட்டுப் போறாரு. அதுக்கு நீங்களே கைதட்டுறீங்களா?”

“எல்லாரும் தட்டுறாங்க, நான் மட்டும் சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்?”

கம்பங்கள் வந்தன. கடலோரத்தில்தான் ஆட்கள் அதிகம் வேலை செய்கிறார்கள் என்பதால் கடலோரத்தில்தான் நிறையக் கம்பங்கள். கடலுக்குள் நீண்டு போகிற அலைதடுப்புச் சுவரின் நுனியில்கூட ஒன்று நட்டார்கள். மழைக்காலம் முடிந்ததும் சோதனை ஆரம்பமானது. ஊர்க்காரர்களில் சிலரைக் ‘கேட்போர்’ என்று பொறுக்கி எடுத்தார்கள். நாள் முழுக்கக் காதைத் தொட்டு வேலை செய்கிறவன் என்பதால் என்னையும் எடுத்தார்கள். என்ன காரணம் பாருங்கள்!

சோதனை என்றால் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். தார் ரோட்டில், மீன் கொட்டகைக்கு எதிரே, ஒரு பாய் விரித்திருந்தார்கள். பாயில் ஏற வேண்டுமானால் செருப்பைக் கழற்ற வேண்டும். கழற்றினால் நிறுவனத்தின் துணிச்செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். பாயின் நடுவில் ஒரு நாற்காலி, குன்றைப் பார்த்து. நாற்காலியோடு சேர்த்து ஓர் இரும்புத் தாங்கி, அதில் மோவாயை வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிவிடுவார்கள், கண் காதை ஏமாற்றிவிடுமாம். கையில் ஒரு மூங்கில் கழி. குரல் எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கம் கழியை நீட்ட வேண்டும். தலையை மட்டும் திருப்பவே கூடாது.

“ஏம்மா, சத்தம் கேட்டா மனுஷன் திரும்பிப் பாப்பானே?” என்று வெள்ளைக் கோட்டுப் பெண்ணைக் கேட்டேன்.

“திரும்பினா எந்தப் பக்கம்னு தெரிஞ்சிடும் ஐயா. அப்புறம் சோதனைக்கு என்ன அர்த்தம்?” என்றாள் அந்தப் பெண், ரொம்ப மரியாதையாக.

சுற்றிலும் சத்தமே இருக்கக்கூடாது. கொட்டகையில் கத்தியைக்கூட வைக்கக்கூடாது என்று பெண்களை அப்படியே கையில் பிடித்தபடி நிற்க வைத்துவிட்டார்கள். கடற்காக்கைகள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மறுநாள் பார்த்தால் மீன் இறக்கும் மேடை முழுக்க அறிவிப்பு ஒட்டியிருக்கிறது: ‘சோதனை நேரத்தில் அமைதி காக்கவும். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.’ மனிதர்களுக்கு ஏற்கெனவே வாயால் சொல்லிவிட்டார்கள் என்பதால் இது யாருக்கென்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

குரல் வந்தது. “இந்தக் குரலை நோக்கி வாருங்கள்.” நல்ல கனிவான குரல்தான். எனக்கு நேர் பின்னால், கடலிலிருந்து கேட்டது. கழியைத் தோளுக்கு மேலாக வளைத்துப் பின்பக்கம் நீட்டினேன். மறுபடி போட்டார்கள். மறுபடி பின்னால். உஜியே வந்து என் காதுக்குள் ஒரு சின்ன விளக்கு அடித்துப் பார்த்தார்.

“குரமோச்சி ஐயா, முதலாளி மாதிரி நிதானமா உக்காந்து கேளுங்க. முன்னாடியிருந்து வரலியா?”

“இல்லீங்க. அலைதடுப்புச் சுவர்லேருந்து வருது.”

“அங்கேருந்து வரக்கூடாதே.”

“வரக்கூடாதுதான். வருதே!”

அவர் கண்ணை மூடி யோசித்துவிட்டு விளக்கம் சொன்னார். தப்பு ஸ்பீக்கரில் இல்லையாம். எல்லாக் கம்பத்தின் குரலும் காதுக்கு வந்து சேரும். ஆனால் காது முதலில் வந்த குரலைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வந்ததையெல்லாம் அதன் கணக்கிலேயே சேர்த்துவிடும். நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அலைதடுப்புச் சுவர்க் கம்பம்தான் கிட்டே. அதன் குரல் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது.

“பஸ்ஸுக்கு வரிசை, மருந்துக்கு வரிசை, கோயில்ல மணி அடிக்க வரிசை. உலகத்துலயே வரிசையில நிக்கத் தெரிஞ்ச மக்கள் நாம,” என்று வருத்தப்பட்டார் உஜியே. “நம்ம காதுக்கு மட்டும் ஏன் ஐயா இந்த அவசர புத்தி?”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் என் தலைக்கு இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்று சாயங்காலமே மேயர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, ‘நம்பத்தகாத கேட்போர்’ என்று என்னைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டதாகச் சொல்லி, சமாதானத்துக்கு ஒரு பெட்டி பயத்தம் பணியாரம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஊர் சும்மா இருக்குமா? “அண்ணே, இந்தப் பக்கக் கிருதாவைக் கொஞ்சம் குறைங்க. எந்தப் பக்கம்னு கேக்குதா?” என்று நாற்காலியில் உட்கார்ந்தவன் எல்லாம் கேட்டான். நல்ல காலம், அந்தக் கேலி ரொம்ப நாள் ஓடவில்லை. அடுத்து மிசாவோவை உட்கார வைத்தார்கள், அவளும் கடலைக் காட்டினாள். கொட்டகைப் பெண்கள் ஒருத்தி விடாமல் கடலைக் காட்டினார்கள். எல்லோரையும் எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடப் பக்கம் உட்கார்ந்தவர்கள் பள்ளிக்கூடக் கம்பத்தைக் காட்டினார்கள், அவர்களும் போனார்கள். கடைசியில் கொட்டகையையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். ‘கேட்பதற்கு உரிய இடம் அல்ல’ என்று முடிவாகிவிட்டது.

“கேக்குற இடம் இல்லைன்னா, அப்ப எங்களுக்கு எச்சரிக்கையே கிடையாதா?” என்று மிசாவோ கேட்டதற்கு வெள்ளைக் கோட்டுப் பெண், “கேக்கும் அக்கா. ஆனா கணக்குல வராது,” என்றாள்.

காதுக்குப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். காலையில் வானொலியைப் போட்டு ஊரே சேர்ந்து செய்கிற உடற்பயிற்சி முடிந்ததும் வியர்வையோடு எல்லோரும் நிற்க வேண்டும். உஜியே இடது பக்கம் நின்று கைதட்டுவார். “முதலில் கேட்டதை நம்பாதீர்கள்! காத்திருங்கள்! மீதி ஒலிக்கும் மரியாதை கொடுங்கள்!” நாங்களும் நம்பாமல் முக்கிப் பார்த்தோம். கைதட்டல் இடது பக்கமே இருந்தது. அவரும் இடது பக்கமே இருந்தார்.

ஆனால் பொய் சொன்னால் வாய் வெந்துவிடும். ஓர் இடத்தில் அந்த அற்புதம் நடந்தது. நகராட்சி முற்றத்தில், கொடிக்கம்பத்துக்கு அடியில், சிவப்புப் பெயின்டில் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். ஒரு நாள் என்னையும் கூப்பிட்டு அதற்குள் நிற்க வைத்தார்கள். குரல் வந்தது. ஐயோ, உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது! ஸ்பீக்கர், கம்பம் எதுவும் தெரியவில்லை. குன்றின் உச்சியில், கோயில் தோரண வாசலுக்குப் பக்கத்தில், ஒரு பெண் நின்றுகொண்டு என்னைப் பெயர் சொல்லாத குறையாகக் கூப்பிடுகிறாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உஜியேவைப் பார்த்துக் கும்பிட்டேன். கும்பிட்டபோது ஒரு கால் வட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அவ்வளவுதான், குன்றிலிருந்த பெண் தொப்பென்று பக்கத்துக் கம்பத்துக்குள் விழுந்துவிட்டாள்.

“ஐயா, காலை எடுங்க, காலை எடுங்க!” என்று வெள்ளைக் கோட்டுகள் பதறின.

வட்டத்தில் ஒருவர் நிற்கலாம். ரொம்ப நெருங்கியவர்கள் என்றால் இரண்டு பேர். ஊர் ஜனத்தை அதில் எப்படி நிறுத்துவது? இதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். ஆபத்து வந்தால் பொதுமக்கள் முதலில் நகராட்சி முற்றத்துக்கு வந்து வரிசையில் நின்று, முறை வரும்போது வட்டத்துக்குள் போய், குரல் எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு அந்தப் பக்கம் ஓட வேண்டும். மேயர் இதை மைக்கில் வாசித்தபோது மிசாவோ எழுந்து நின்றாள்.

“மேயர் ஐயா, ஒரு சந்தேகம். பொறந்ததிலேருந்து அந்தக் குன்றைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். அது எங்கேயும் போகலையே? அது எங்கே இருக்குன்னு கேக்கவா வரிசையில நிக்கணும்?”

“முதியவர்களுக்குத் தனி வரிசை உண்டும்மா,” என்றார் மேயர்.

செவிடன் காதில் சங்கு ஊதுவது என்று இதைத்தான் சொல்வார்கள் போல. எங்கள் சங்கையோ அவர்கள் இறக்குவதாக இருந்தார்கள். இலையுதிர் காலத்தில் ஒரு பெரிய ஒத்திகை நடக்கும், அமைச்சகத்திலிருந்து ஆட்கள் வருவார்கள், அதில் ஊரே குன்றுக்கு வந்து சேர்ந்துவிட்டால் குரலுக்கு அங்கீகாரம், சங்குக்கு ஓய்வு. மிசாவோ அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. “நாங்க ஊர்க்காரிங்க, எப்படியோ ஓடிருவோம்,” என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். “ஆனா பதட்டத்துல மூளை எங்கங்க வேலை செய்யும்? காது இழுக்குற பக்கம்தானே கால் போகும்?” அவள் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது. ஏனென்றால் கண்ணைக் கட்டிய அந்த நாற்காலியில் என் கால் நிஜமாகவே கடல் பக்கம்தான் திரும்பப் பார்த்தது.

இந்தச் சமயத்தில்தான் ஒரு ராத்தல் மரியாதையோடு எனக்கு ஒரு வேலை வந்தது. கேட்போர் ஒவ்வொருவராகக் கழிந்துபோய், கடைசியில் மிஞ்சியது மூன்று பேர். ஒன்று மேயர். இரண்டு உஜியே. மூன்றாவது ஒரு பொம்மைத் தலை. ரப்பர் காதுகள், காதுக்குள் மைக். மார்பு வரைக்கும்தான் உடம்பு. வட்டத்தின் நடுவில் நாற்காலி போட்டு அதை உட்கார வைத்திருந்தார்கள். முன்னால் ஒரு கோப்பைத் தேநீர்.

“தலைமுடி இருந்தால் ஒலி வேறு மாதிரி விழும்,” என்று விளக்கினார் உஜியே. “ஓனாகுரா மக்களின் சராசரித் தலையாக இது மாற வேண்டும். தாங்கள்தான் முடி வைத்து, வெட்டித் தர வேண்டும்.”

தலையாட்டும் பொம்மையைப் பார்த்திருக்கிறேன். தலையையே ஆட்டக்கூடாத பொம்மைக்கு முடி திருத்தியது அதுதான் முதல் தடவை. சவுரி வைத்து, வெட்டி, பழக்க தோஷத்தில் சூடான துண்டையும் முகத்தில் போட்டுவிட்டேன். உஜியே அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படி ஒரு பாசத்தை நான் அவர் முகத்தில் பார்த்ததே இல்லை.

“குரமோச்சி ஐயா, என் அனுபவத்துல சொல்றேன். இவரை மாதிரி ஒரு கேட்பவர் கிடைக்க மாட்டார். திரும்ப மாட்டார், இடத்தை விட்டு நகர மாட்டார், காத்திருக்கச் சொன்னா காத்திருப்பார். மனுஷங்க இப்படி இருந்துட்டா எங்க ஆராய்ச்சி என்னைக்கோ முடிஞ்சிருக்கும்.”

அடுத்த கூட்டத்தில் முடிவுகளை அறிவித்தார். “தவறாகக் கேட்டவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம். மிஞ்சியவர்கள் அனைவரும் குரல் குன்றிலிருந்தே வருவதாக ஒரே மாதிரி சொல்கிறார்கள். நூற்றுக்கு நூறு! தவறாகக் கேட்டவர்களையும் சேர்த்துக்கொண்டிருந்தால் இந்த வெற்றி கிடைத்திருக்குமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.” யோசித்துப் பார்த்தோம். கிடைத்திருக்காதுதான்.

கொட்டகைப் பெண்கள் மத்தியான இடைவேளையில் சோற்று உருண்டையைக் கடித்துக்கொண்டே கூடிப் பேசினார்கள். நான் மிசாவோவுக்குக் குடை கொடுக்கப் போனவன், வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“இவங்ககிட்ட பேசிப் பிரயோஜனம் இல்லடி,” என்றாள் மிசாவோ. “நம்மளை இழுக்கிறது அந்தக் குரல்தான. அதைக் கேக்காம இருந்துட்டா? குரல் ஆரம்பிச்ச உடனே ரெண்டு காதையும் பொத்திக்கோ. பொத்திக்கிட்டுக் குன்றுக்கு ஓடு. நம்ம காலுக்கு வழி தெரியும்.”

“ஒத்திகையிலுமா அக்கா?”

“ஒத்திகையிலதான்டி பழகணும். பழகாததா அன்னைக்கு வரப் போகுது?”

அந்த யோசனை மீன் வாசனையை விட வேகமாக ஊருக்குள் பரவியது. என் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் நானே சொன்னேன். இரண்டு கையும் காதில் இருந்தால் ஓடும்போது எப்படி நிலை தடுமாறாமல் இருப்பது என்று தீயணைப்புப் படைக்காரர்கள் வாய்க்கால் ஓரமாக ஓடிக் காட்டினார்கள். எங்களுக்கு ஒரே சந்தோஷம். டோக்கியோக்காரனை ஏமாற்றிவிட்டோம் என்று நினைப்பு.

ஒத்திகை நாள் விடிந்தபோது கடல் மூடுபனி ஊரை விழுங்கியிருந்தது. நாலடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. உஜியே உற்சாகத்தில் கையைத் தேய்த்துக்கொண்டார். “இதுதான் எங்களுக்கு வேண்டிய சூழ்நிலை! கண்ணுக்கு வேலையே இல்லை. காது மட்டும்தான்!” அமைச்சக ஆட்களும் மேயரும் உஜியேவும் குன்றின் உச்சியில் கூடாரத்தில் காத்திருந்தார்கள். பொம்மைத் தலை கீழே வட்டத்தில் இருந்தது, அதற்கு மழைக்கோட்டு போட்டிருந்தார்கள்.

“இந்தக் குரலை நோக்கி வாருங்கள்.”

கடையை அப்படியே போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு ஓடினேன். பனிக்குள் முன்னும் பின்னும் பூகம்பத்தில் அடிபடாமல் இருக்கப் போடும் பஞ்சு முக்காட்டைத் தலையில் கட்டிக்கொண்டு, முழங்கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு ஊரே ஓடுகிறது. நகராட்சி வட்டத்து வரிசையை ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கோயில் படிக்கட்டு காலுக்குத் தட்டுப்பட்டதும் தானாக வரிசையாகிவிட்டோம். மேலே போய்ச் சேர்ந்தபோது ஊரில் பாதி எனக்கு முன்னால் வந்துவிட்டது, மீதி என் பின்னாலேயே வந்தது. அமைச்சக ஆட்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

உஜியே கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

“கண்டீர்களா! ஓனாகுரா மக்கள் ஒவ்வொருவரும் காதருகே கையை வைத்துக்கொண்டு வந்தார்கள். அந்தக் குரலை இன்னும் கூர்மையாகக் கேட்க வேண்டும் என்ற ஆர்வம்! என் வாழ்நாளில் இப்படிப்பட்ட கேட்போரைக் கண்டதில்லை!”

சுற்றிலும் பார்த்தேன். தீயணைப்புப் படைக்காரர்கள் மெதுவாகக் கையைக் கீழே இறக்கினார்கள். நாங்கள் ஒழுங்காக வந்து சேர்ந்ததே எங்களுக்கு வினையாகிவிட்டது. மேயர் மைக்கைப் பிடுங்கி, நாளைக்குக் காலையிலேயே நகராட்சிக் கூரைச் சங்கு மரியாதையோடு இறக்கப்படும் என்று அறிவித்தார். அமைச்சகக்காரர் பக்கத்து ஊர்களுக்கும் இதே ஏற்பாடு வேண்டும் என்று கேட்டார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தபோதுதான் கவனித்தேன், கொட்டகைப் பெண்கள் எல்லோரும் இருக்கிறார்கள், மிசாவோவைக் காணோம்.

“மிசாவோ எங்கே?”

“எங்க பின்னாடிதானே வந்தா?” என்றாள் ஒருத்தி. “இல்ல, லாரிகிட்ட நின்னா...”

“எந்த லாரி?”

“ஐஸ் கொண்டாந்த லாரி. கதவு திறந்து கிடந்துச்சு, உள்ளே ஆள் இல்ல.”

ஒத்திகைதான், அலை வரவில்லை, எல்லாம் தெரியும். இருந்தாலும் பாதிப் படி இறங்கிவிட்டேன். அப்போது பனிக்குள்ளிருந்து வந்தாள், ரப்பர் பூட்ஸ் சளக் சளக் என்று. இடுப்பு வரை ஈரம். ஒரு கையில் ஒரு மனிதனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். வாட்டசாட்டமான ஆள், மலைநாட்டு ஊர்க்காரர், எங்கள் துறைமுகத்துக்கு முதல் தடவையாக ஐஸ் ஏற்றி வந்தவர். பல் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது.

“என்னண்ணே ஆச்சு?” என்று கேட்டேன்.

“குரலை நோக்கி வாங்கன்னாங்க, போனேங்க,” என்றார் அவர். “சொன்னதைத்தானே கேட்டேன்? சுவர் மேலயே நடந்தேன். காலுக்கு மேல தண்ணி அடிச்சுது. ஆனா குரல் கிட்டக்கக் கிட்டக்க வந்துச்சு. கம்பத்துக்கு அடியில போனதும் தலைக்கு மேலேயே கேட்டுச்சு. சரி, வந்து சேந்துட்டோம், இனி பயமில்லைன்னு நின்னுட்டேன்.”

“நின்னுட்டு இருந்தாரு,” என்றாள் மிசாவோ. “சுத்திக் கடல். குளிக்கப் போன குழந்தை மாதிரி நிம்மதியா நின்னுட்டு இருந்தாரு.”

கூடாரத்துக்கு அழைத்துக்கொண்டு போனோம். உஜியே ஆளைப் பார்த்தார், மிசாவோவைப் பார்த்தார், வெள்ளைக் கோட்டுப் பெண்ணோடு காதோடு காதாகப் பேசினார்.

“ஐயா, நீங்க ஓனாகுராக்காரரா?”

“இல்லீங்க. வெளியூர்.”

“நல்லது.” உஜியேவுக்கு மூச்சு வந்தது. “அப்ப நீங்க சோதனைக்குள்ளயே வர மாட்டீங்க. அம்மா, நீங்களும் நேரத்துக்கு வந்து சேரலை, அதோட உங்களை ஏற்கெனவே எடுத்தாச்சு. ரெண்டு பேரையும் கணக்கிலேருந்து கழிச்சுட்டா, வர வேண்டியவங்க எல்லாரும் வந்துட்டாங்க. நூத்துக்கு நூறு.”

கூடாரத்தில் கைதட்டினார்கள். லாரிக்காரர் மரியாதை தெரிந்தவர், நடுங்கிக்கொண்டே அவரும் தட்டினார். இந்தத் தடவை நான் தட்டவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கூடாரத்தின் கயிற்றை அறுத்திருப்பேன், கத்தரிக்கோல் கடையில் இருந்தது.

மிசாவோ உஜியேவுக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

“உண்மையிலேயே அலை வந்திருந்தா நானும் இவரும் இப்ப செத்துக் கிடப்போம். அப்பவும் கழிச்சிருப்பீங்களா?”

உஜியே கேள்வியை மதித்து, தலையைச் சாய்த்து யோசித்தார். அவர் கேலி செய்யவில்லை என்று கோயில் முன்னால் சத்தியம் செய்து சொல்வேன். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார்.

“வேற வழி இல்லையேம்மா. செத்தவங்ககிட்ட எந்தப் பக்கத்துலேருந்து கேட்டுச்சுன்னு கேக்க முடியாதே.”

மிசாவோ குனிந்து தன் வலது பூட்ஸைக் கழற்றினாள். அதில் முக்கால்வாசிக்குக் கடல் தண்ணீர் இருந்தது. அதை அவர் பளபளப்பு ஷூவின் மேல் சாய்த்து, நிதானமாக, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் கொட்டினாள்.

“இது எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சு ஐயா?” என்று கேட்டாள். “நீங்க இன்னும் உயிரோடதான் இருக்கீங்க. பதில் சொல்லுங்க.”